மூளைப் புற்றுநோயாளருக்குத் தொலைவழி ஆதரவு

மருத்துவர் ஓரிடத்திலும் நோயாளி வேறோரிடத்திலும் இருக்க, தொலைபேசி, காணொளி, எழுத்துச் செய்தி ஆகியவற்றின் வாயிலாக ஆலோசனையும் சிகிச்சையும் ஆதரவும் அளிக்கும் முறைக்குத் தொலைவழி மருத்துவம் என்று பெயர். சாதாரணக் காய்ச்சலுக்கும் தோல் நோய்க்கும் இம்முறை பயன்படுவதை மக்கள் பலர் அறிவர். மூளைப் புற்றுநோய் போன்ற கொடிய வியாதியால் பீடிக்கப்பட்டவருக்கு இது எந்த அளவுக்குத் துணை செய்யும், எவ்விடத்தில் இதன் ஆற்றல் நின்றுவிடும் என்பவற்றைக் கள ஊழியரும் ஆசிரியரும் தெளிவாக அறிந்திருத்தல் வேண்டும். பெங்களூரு நகரின் மர்பி டவுன் பகுதியை எடுத்துக்காட்டாகக் கொண்டு இப்பாடம் அவற்றை விளக்குகிறது.

நோயின் இயல்பு

மூளையில் தோன்றும் கட்டிகள் யாவும் புற்றுநோய் அல்ல. சில மெல்ல வளர்ந்து, அறுவைச் சிகிச்சையால் முற்றிலும் நீங்கக் கூடியவை. உலகச் சுகாதார ஸ்தாபனம் இக்கட்டிகளை ஒன்று முதல் நான்கு வரையுள்ள படிகளாக வகுத்துள்ளது. நான்காம் படியைச் சேர்ந்த ‘கிளியோபிளாஸ்டோமா’ என்பது வயது வந்தோரிடம் காணப்படும் மிகக் கடுமையான வகைகளுள் ஒன்று. மூளையிலேயே தோன்றும் புற்றுநோய் உடலின் பிற உறுப்புகளுக்குப் பரவுவது அரிது. ஆனால் நுரையீரல், மார்பகம் முதலிய உறுப்புகளில் தோன்றிய புற்றுநோய் மூளைக்குப் பரவுவது உண்டு. எவ்வகையாயினும் இது தொற்றுநோய் அன்று. நோயாளியுடன் உண்பதாலோ, அவரைத் தொட்டுப் பணிவிடை செய்வதாலோ பிறருக்கு வராது.

மண்டையோடு கெட்டியான எலும்புப் பேழை. உள்ளே ஒரு கட்டி வளருமாயின் அது விரிவதற்கு இடமில்லை. ஆகவே உள்ளழுத்தம் உயர்ந்து தலைவலியும் வாந்தியும் உண்டாகின்றன. இத்தலைவலி பெரும்பாலும் விடியற்காலையில் மிகுந்திருக்கும். கட்டி எப்பகுதியில் உள்ளதோ அப்பகுதிக்குரிய தொழிலும் கெடுகிறது. பெரும்பாலோருக்குப் பேச்சின் நிலையம் மூளையின் இடப்பாதியில் அமைந்துள்ளது. அங்குக் கட்டி தோன்றினால் சொல் எழாது, அல்லது பிறர் சொல் விளங்காது. பின்பகுதியில் தோன்றினால் பார்வையின் ஒரு பாதி மறையும். முன்பகுதியில் தோன்றினால் சுபாவமே மாறக்கூடும். சாந்தமாயிருந்தவர் சினங்கொள்வார், சுறுசுறுப்பாயிருந்தவர் எதிலும் நாட்டமின்றி உட்கார்ந்திருப்பார். இதனைக் குடும்பத்தார் சோம்பல் என்றோ பிடிவாதம் என்றோ தவறாகக் கொள்வது வழக்கம். நோயின் செயலே அது என்று எடுத்துரைப்பது ஊழியரின் முதற் கடமை.

சிகிச்சையும் காலமும்

கிளியோபிளாஸ்டோமாவுக்குரிய சிகிச்சை மூன்று படிகளை உடையது. இயன்ற அளவு கட்டியை அறுத்து நீக்குவது முதற்படி. அடுத்து, வாரத்தில் ஐந்து நாட்களாக ஆறு வாரங்கள், வழக்கமாக 30 தடவைகளில் 60 கிரே அளவு கதிர்வீச்சு அளிக்கப்படுகிறது. அக்காலத்தில் நாள்தோறும் ‘டெமோசோலமைடு’ என்னும் மாத்திரையும், பின்னர் 28 நாட்களுக்கு ஒரு முறை ஐந்து நாட்கள் வீதம் அதே மாத்திரையும் தரப்படுகின்றன. 2005-ஆம் ஆண்டில் வெளியான ஐரோப்பிய–கனடிய ஆராய்ச்சி ஒன்று இம்முறையின் பயனை நிலைநாட்டிற்று. கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுட்காலம் 12.1 மாதங்கள், மாத்திரையும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு அது 14.6 மாதங்கள். இரண்டாண்டுகள் கடந்தும் உயிரோடிருந்தவர்கள் முதற் பிரிவில் நூற்றுக்குப் பத்துப் பேர். இரண்டாம் பிரிவில் நூற்றுக்கு இருபத்தாறு பேருக்குச் சற்று மேல்.

இந்த எண்களைக் கள ஊழியர் நோயாளியிடம் ஒப்பிக்கலாகாது. தனியொருவரின் ஆயுளை அவை கூறமாட்டா. ஆயினும் அவற்றிலிருந்து பெறத்தக்க ஒரு படிப்பினை உண்டு. எஞ்சியிருப்பது ஏறத்தாழ நானூற்றைம்பது நாட்களே என்னும் நிலையில், இரத்தப் பரிசோதனையின் முடிவைக் காட்டுவதற்கென்று ஒரு முழு நாளை மருத்துவமனை வரிசையில் செலவிடுவது சிறிய இழப்பு அன்று. அந்த நாளை நோயாளிக்கு மீட்டுத் தருவதே தொலைவழி மருத்துவத்தின் முதற்பயன்.

மர்பி டவுனில் தூரம் என்பது யாது?

மர்பி டவுன் பெங்களூரின் பழைய கண்டோன்மெண்டுப் பகுதியில், அல்சூர் ஏரிக்கு அண்மையில் உள்ளது. முன்னர் நாக்ஸ்பேட்டை என வழங்கிய இவ்விடம், எளியோருக்கான மாதிரிக் குடியிருப்பாக இதனை வகுத்தமைத்த எஞ்சினியர் மர்பியின் பெயரால் பின்னர் அழைக்கப்படலாயிற்று. தமிழ் பேசும் குடும்பங்கள் தலைமுறைகளாக இங்கு வாழ்ந்து வருகின்றன.

மூளை நோய்களுக்குப் புகழ்பெற்ற நிம்ஹான்ஸ் என்னும் தேசிய மனநல, நரம்பு விஞ்ஞான ஸ்தாபனம் இதே நகரில் ஓசூர் சாலையில் அமைந்திருக்கிறது. 1954-இல் நிறுவப்பட்ட அகில இந்திய மனநல ஸ்தாபனமும், அதற்கு முற்பட்ட மைசூர் அரசு மனநோய் மருத்துவமனையும் 1974 டிசம்பர் 27-இல் ஒன்றாக்கப்பட்டு இது உருவாயிற்று. அதன் பக்கத்திலேயே 1973-இல் தொடங்கப்பெற்ற கித்வாய் நினைவுப் புற்றுநோய் நிலையமும் இருக்கிறது. மர்பி டவுனிலிருந்து இவ்விரண்டும் பத்துக் கிலோமீட்டருக்கு உட்பட்டவையே. அப்படியிருக்கத் தொலைவழி உதவி எதற்கு என்ற வினா எழலாம்.

ஆரோக்கியமானவருக்கு ஒரு கிலோமீட்டர் ஒரு கிலோமீட்டரே. வலிப்பு நோயும் ஒரு பக்கத் தளர்ச்சியும் உடையவருக்கு அவ்வாறு அன்று. வீட்டுப் படியிலிருந்து ஆட்டோ வரை ஒருவர் தாங்கிப் பிடிக்க வேண்டும். நெரிசலில் வண்டி நிற்கும்போது வாந்தி எடுக்கக்கூடும். உடன் செல்பவர் தினக்கூலி பெறுபவராயின் அன்றைய கூலி போயிற்று. வெளிநோயாளர் பகுதியில் கன்னடமும் ஆங்கிலமும் ஒலிக்க, வீட்டில் தமிழே பேசிப் பழகிய முதியவர், நோயினால் பிற்காலத்தில் கற்ற மொழிகளில் தடுமாறவும் கூடும். ஆகவே தூரத்தை அளக்கும் கோல் கிலோமீட்டர் மட்டுமன்று. உடல் வலிமை, ஊதியம், மொழி, துணையாள் ஆகிய நான்கும் அதில் அடங்கும். தருமபுரியிலிருந்தோ கிருஷ்ணகிரியிலிருந்தோ வருபவருக்கு இந்நான்குடன் பிரயாணச் செலவும் தங்குமிடமும் சேர்ந்துகொள்ளும்.

நம் நாட்டில் தொலைவழி மருத்துவம்

இத்துறையில் நம் நாட்டின் முயற்சி புதியதன்று. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட இஸ்ரோ 2001-ஆம் ஆண்டிலேயே விண்கோள் வழியாகத் தொலைமருத்துவ முன்னோடித் திட்டத்தைத் தொடங்கிற்று. தொலைவிலுள்ள மருத்துவமனைகளைப் பெருநகர நிபுணர்களுடன் அது இணைத்தது. அக்காலத்தில் இதற்குத் தனிக் கருவிகளும் தனி அறையும் தேவைப்பட்டன. இன்று ஒரு கைபேசி போதும்.

2020 மார்ச் 25-இல் மத்திய அரசு தொலைவழி மருத்துவ நெறிமுறைகளை வெளியிட்டது. அதன்படி பதிவு பெற்ற மருத்துவரே ஆலோசனை கூறலாம். நோயாளி தாமே பேசலாம். தக்க உரிமை பெற்ற பராமரிப்பாளர் அவர் சார்பில் பேசலாம். சுகாதார ஊழியர் நோயாளியின் அருகிலிருந்து மருத்துவருடன் பேசலாம். நேரில் பார்ப்பது அவசியமா என்பதை முடிவு செய்யும் பொறுப்பு மருத்துவருடையது. மருத்துவரோ நோயாளியோ எந்நேரத்திலும் தொலைவழி ஆலோசனையை நிறுத்திக்கொள்ளவும் இயலும். மார்பைன் போன்ற போதை வகை மருந்துகளைத் தொலைவழியே எழுதித் தருவதற்கு இந்நெறிமுறைகளில் இடமில்லை.

அதே ஆண்டு ஏப்ரலில் ‘இ-சஞ்சீவனி’ சேவையின் வெளிநோயாளர் பிரிவு தொடங்கிற்று. 2023 பிப்ரவரிக்குள் இச்சேவை பத்துக் கோடி ஆலோசனைகளைக் கடந்தது. மனத்துயருக்கென 2022 அக்டோபர் 10-இல் ‘டெலி-மானஸ்’ தொடங்கப்பட்டது. நிம்ஹான்ஸ் இதன் தலைமை மையம். பெங்களூரின் சர்வதேசத் தகவல் தொழில்நுட்ப ஸ்தாபனம் இதற்குத் தொழில்நுட்பத் துணை. 14416 என்னும் எண்ணில் இரவும் பகலும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசலாம். இது புற்றுநோய்க்குச் சிகிச்சை அளிக்கும் சேவையன்று. ஆயினும் உறக்கமிழந்து தவிக்கும் நோயாளிக்கும், அவரைப் பராமரித்துச் சோர்ந்த மனைவிக்கோ மகனுக்கோ இந்த எண் பயன்படும்.

நோயாளிகளின் அனுபவம் கற்பிப்பவை

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில், கிரிஃபித் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலார் மூளைக்கட்டி நோயாளிகளுக்கென்று பத்து அமர்வுகள் கொண்ட மன ஆதரவுத் திட்டம் ஒன்றை வகுத்தனர். தொடக்கத்தில் உளவியலார் வீடு தேடிச் சென்று அதனை நடத்தினர். 2015-இல் வெளியான முடிவுகள் நோயாளிகளின் மனச்சோர்வு குறைந்ததைக் காட்டின. ஆனால் பரந்த அந்நாட்டில் எல்லா வீடுகளுக்கும் செல்வது இயலாது. ஆகவே அதே திட்டம் பின்னர் காணொளி வழியாக அளிக்கப்பட்டது.

இத்தகைய திட்டங்களில் பங்கு பெற்ற நோயாளிகள் பல நாடுகளிலும் கூறியவற்றுள் சில கருத்துகள் ஒத்திருக்கின்றன. முதலாவது, சொந்த வீட்டில், பழகிய நாற்காலியில் அமர்ந்து பேசுகையில் அச்சம் குறைகிறது. இரண்டாவது, குடும்பத்தார் அனைவரும் உடனிருந்து மருத்துவரின் சொல்லை ஒருங்கே கேட்க முடிகிறது. மூன்றாவது, ஒரே மருத்துவரோ செவிலியரோ தொடர்ந்து பேசுவாராயின், திரை வழியாகவும் நம்பிக்கை வளர்கிறது. மாறாக, ஒவ்வொரு முறையும் புதியவர் பேசினால் கதையை முதலிலிருந்து கூறவேண்டிய களைப்பே மிஞ்சுகிறது. நான்காவது, கட்டி மீண்டும் வளர்ந்துள்ளது என்பது போன்ற கெட்ட செய்தியைத் தொலைபேசியில் கேட்க விரும்பாதோர் பலர். அச்செய்தி கூறப்படும்போது அருகில் ஒரு மனிதர் இருக்க வேண்டும் என்பதே அவர்கள் கூறும் காரணம்.

இந்நான்காவது கருத்து கள ஊழியருக்குக் குறிப்பாக உரியது. மருத்துவர் தொலைவிலிருந்தே தீய செய்தியைத் தெரிவிக்க வேண்டிய நிலை வருமாயின், அந்நேரத்தில் நோயாளியின் வீட்டில் ஊழியர் ஒருவர் இருத்தல் நலம். அவர் ஏதும் விளக்க வேண்டியதில்லை, உடனிருப்பதே போதும்.

சொல்லை இழந்தவருடன் பேசுதல்

தொலைபேசி சொல்லை மட்டுமே கொண்டு செல்லும் கருவி. மூளைப் புற்றுநோயோ பலரிடம் சொல்லையும் நினைவையும் கவனத்தையும் தாக்குகிறது. ஆகவே மற்ற நோயாளிகளுக்கு ஏற்ற முறை இவர்களுக்கு அப்படியே பொருந்தாது. இங்கு நிகழும் பெருந்தவறு யாதெனில், நோயாளியை விட்டுவிட்டுப் பராமரிப்பாளரிடம் மட்டும் பேசி முடிப்பதாகும். பேச்சு இழந்தவர் அறிவையும் இழந்தவர் அல்லர். தம்மைப் பற்றித் தம் முன்னிலையிலேயே பிறர் பேசி முடிவு செய்வதை அவர் உணர்வார். அவ்வேதனை நோயின் வேதனையினும் சிறிதன்று.

இதனைத் தவிர்க்கப் பின்வரும் முறைகளைக் கைக்கொள்ளலாம். நோயாளி தெளிவாக இருக்கும் வேளையை, பெரும்பாலும் முற்பகலை, ஆலோசனைக்குத் தேர்ந்தெடுக்க வேண்டும். வானொலி, தொலைக்காட்சி முதலிய ஓசைகளை நிறுத்திவிட வேண்டும். பார்வையின் ஒரு பாதி மறைந்தவருக்குக் கைபேசியைப் பார்வை உள்ள பக்கத்தில் வைக்க வேண்டும். ஒரு முறைக்கு ஒரே கேள்வி கேட்டு, விடைக்குப் பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். விரிவான விடையை வேண்டும் கேள்விகளைத் தவிர்த்து, கையசைவால் விடை கூறத்தக்க கேள்விகளைக் கேட்க வேண்டும்.

உதாரணமாக, உடனிருக்கும் ஊழியர் இவ்வாறு கேட்கலாம்: “அண்ணா, காலையில் தலைவலித்ததா? ஆம் என்றால் கையை உயர்த்துங்கள்.” “நேற்றைவிட இன்று அதிகமா?” “மாத்திரை சாப்பிட்ட பிறகு வாந்தி வந்ததா?” விடைகள் கிடைத்த பின்னரே அவர் மனைவியை நோக்கி, “அக்கா, நீங்கள் பார்த்தது என்ன? சொல்லுங்கள்” என்று கேட்க வேண்டும். இவ்வரிசை மாறலாகாது. மனைவியார் தனியே கூற விரும்பும் செய்தி ஏதேனும் இருப்பின், அதற்கு வேறு நேரம் ஒதுக்கலாம். நோயாளியின் காதில் விழ அதனைப் பேசுதல் கூடாது.

ஊழியர் குறித்துவைக்க வேண்டியவை

தொலைவிலுள்ள மருத்துவர் ஊழியரின் கண்ணையே நம்பியிருக்கிறார். ஆகவே ஒரு சிறு குறிப்பேடு இன்றியமையாதது. அதில் வலிப்பு வந்த நாள், நேரம், நீடித்த நிமிஷங்கள், உடலின் எப்பக்கம் தொடங்கிற்று என்பன எழுதப்பட வேண்டும். டெமோசோலமைடு உட்கொள்ளும் காலத்தில் இரத்த அணுக்களின் எண்ணிக்கை குறையக்கூடும். பரிசோதனை முடிவுகளைத் தேதி வாரியாக ஒட்டி வைக்க வேண்டும். மூளை வீக்கத்தைத் தணிக்கத் தரப்படும் ‘டெக்சாமெதசோன்’ பசியை மிகுவிக்கும், உறக்கத்தைக் கெடுக்கும், இரத்தச் சர்க்கரையை உயர்த்தும். ஆகையால் சர்க்கரை அளவும் குறிக்கப்பட வேண்டும். இம்மருந்தை நோயாளி தாமாகத் திடீரென்று நிறுத்தினால் பெருந்தீங்கு விளையலாம். வலிப்பைத் தடுக்கும் மருந்துக்கும் இவ்விதி பொருந்தும்.

வலிப்பு வரும்போது நோயாளியைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, தலைக்கு மெத்தென்ற துணி வைத்து, கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதால் பயன் இல்லை. வாயில் கரண்டியையோ தண்ணீரையோ புகுத்துவது ஆபத்து.

தொலைபேசியை நம்பியிருக்கலாகாத நிலைகளும் உண்டு. ஐந்து நிமிஷத்திற்கு மேல் நீடிக்கும் வலிப்பு, ஒன்றன்பின் ஒன்றாக இடையில் நினைவு திரும்பாமல் வரும் வலிப்பு, எழுப்பினும் எழாத மயக்கம், திடீரெனத் தோன்றும் தளர்ச்சி, நிற்காத வாந்தியுடன் கூடிய கடுந்தலைவலி, புற்றுநோய் மருந்து உட்கொள்ளும் காலத்தில் காய்ச்சல், அறுவைக் காயத்திலிருந்து நீர் கசிதல் ஆகியவை அவை. இவற்றில் எது நேரினும் உடனே 108 ஊர்தியை அழைத்து நோயாளியை மருத்துவமனை சேர்க்க வேண்டும். கண்ணின் உட்புறத்தைச் சோதித்து மூளையழுத்தத்தை அறிவதும், தசைகளின் வலிமையைத் தொட்டறிவதும் கைபேசியால் ஆகா. கதிர்வீச்சும் அறுவையும் எம்.ஆர்.ஐ. படமும் என்றும் மருத்துவமனைக்கே உரியவை.

ஆசிரியர்க்குரிய பகுதி

குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களுள் இரத்தப் புற்றுநோயை அடுத்து மூளைக்கட்டிகள் முக்கியமானவை. சிறுமூளைப் பகுதியில் தோன்றும் ‘மெடுல்லோபிளாஸ்டோமா’ இவற்றுள் ஒன்று. சிகிச்சையால் குணமடைந்து பள்ளிக்குத் திரும்பும் குழந்தைகள் பலர். ஆயினும் கதிர்வீச்சின் விளைவாக அவர்களுடைய நினைவும் கவனமும் எழுதும் வேகமும் குறையக்கூடும். இக்குறை உடனே புலப்படாமல், சில ஆண்டுகள் சென்ற பின்னரும் தோன்றலாம்.

இத்தகைய குழந்தையை ஆசிரியர் மந்தபுத்தி என்று கருதலாகாது. முன்வரிசையில் இடம், எழுதுவதற்குக் கூடுதல் நேரம், குறைந்த வீட்டுப்பாடம், நடுவில் சிறிது ஓய்வு ஆகியவை பேருதவியாகும். பெற்றோரின் சம்மதத்துடன் ஆசிரியர் வகுப்பில் கண்டவற்றைத் தொலைவழி ஆலோசனையின்போது மருத்துவருக்கோ உளவியலாருக்கோ தெரிவிக்கலாம். அரைமணி நேரம் திரையில் காணும் மருத்துவருக்குத் தெரியாதது, நாள்தோறும் ஐந்து மணி நேரம் காணும் ஆசிரியருக்குத் தெரியும். வீட்டிலிருந்தே காணொளி வழியாகப் பயிலும் காலத்தில், சிகிச்சையால் முடி உதிர்ந்த குழந்தை தன் முகத்தைக் காட்ட விரும்பாவிடில் வற்புறுத்துதல் கூடாது.

இறுதிக் காலத்தில் துணை

நோயை நீக்கும் சிகிச்சை பயன் தராத நிலையிலும் நோயாளிக்குச் செய்ய வேண்டியவை மிகுந்துள்ளன. வலியைத் தணித்தல், படுக்கைப் புண்ணைத் தடுத்தல், விழுங்க இயலாதவருக்கு உணவூட்டும் முறையைக் கற்பித்தல், குடும்பத்தாருக்கு ஆறுதல் அளித்தல் ஆகிய இவை வலிதணிப்புப் பராமரிப்பில் அடங்கும். பெங்களூரில் 1994-இல் தொடங்கப்பட்ட ஹாஸ்பிஸ் டிரஸ்டு நடத்தும் ‘கருணாஸ்ரயா’ இல்லம், முற்றிய புற்றுநோயாளருக்குக் கட்டணமின்றிப் பணி செய்கிறது. வீடுகளுக்கும் குழுவினரை அனுப்புகிறது. இக்காலத்தில் தொலைபேசி ஒரு துணைக் கருவி மட்டுமே. நள்ளிரவில் மூச்சில் மாறுதல் காணும் மகள், யாரையேனும் அழைத்து, “இப்போது என்ன செய்வது?” என்று கேட்க முடியுமாயின், அவள் தந்தையைத் தேவையின்றி அவசர சிகிச்சைப் பகுதிக்குத் தூக்கிச் செல்ல வேண்டிய நிலை நேராது. அவ்வாறு அழைக்கத்தக்க எண் எது என்பதை முன்கூட்டியே கேட்டறிந்து, பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிவைப்பது ஊழியர் செய்யக்கூடிய எளிய, ஆனால் அரிய உதவி.

முடிவு

தொலைவழி மருத்துவம் மருத்துவமனைக்கு மாற்று அன்று. இரண்டு மருத்துவமனைப் பயணங்களுக்கு இடையேயுள்ள வெற்றிடத்தை நிரப்பும் வழி. அவ்வழி பயன்படுவதற்கு இருமுனையிலும் மனிதர் வேண்டும். ஒரு முனையில் மருத்துவர் இருக்கிறார். மறுமுனையில், மர்பி டவுனின் சிறிய வீட்டில், பேச இயலாதவரின் கையசைவைக் கண்டு அதனைச் சொல்லாக்கித் தருபவர் ஒருவர் இருந்தாக வேண்டும். கள ஊழியரும் ஆசிரியரும் ஏற்கத்தக்க இடம் அதுவே.

பயிற்சி வினாக்கள்

1. மூளைக்கட்டியால் உண்டாகும் தலைவலி விடியற்காலையில் மிகுந்திருப்பதுடன் வாந்தியும் வருவதேன்?

2. மருத்துவமனை பத்துக் கிலோமீட்டருக்குள் இருந்தும் ஒரு நோயாளிக்குத் தொலைவழி உதவி தேவைப்படுவதற்குரிய காரணங்கள் நான்கினைக் கூறுக. உங்கள் பகுதியில் ஐந்தாவது காரணம் ஏதேனும் உண்டா?

3. பேச்சிழந்த நோயாளியிடம் கேட்கத்தக்க ஐந்து கேள்விகளை, கையசைவால் விடை கூறுமாறு அமைத்து எழுதுக.

4. எந்தெந்த அறிகுறிகளில் தொலைபேசியை விடுத்து உடனே நோயாளியை மருத்துவமனை சேர்க்க வேண்டும்?

5. சிகிச்சை முடிந்து பள்ளிக்குத் திரும்பிய குழந்தைக்கு உங்கள் வகுப்பில் செய்யக்கூடிய மாறுதல்கள் யாவை?